செக்கிங் தொடங்கும் வயது

மெற்றில்டா ரொறன்ரோவிலிருந்து எடுக்கும்போது
குருநகர் ஐஸ் ஆலையில் விடியப்புறம் மூன்று மணி.
வள்ளக்காரர் பெட்டிகளோடு வாசலில்.
கட்டி உடைக்கும் யந்திரம் உறுமுகிறது.
சத்தமாச் சொல்லு என்கிறேன்.

"வாற சீசன் ஜோவனுக்கு
பொடி செக்கிங் தொடங்குதாம், அண்ணை."

கையிலிருந்த கொக்கி நழுவிக்
காலடியில் விழுகிறது.
அங்கேயுமா?
பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கா?

அவள் சிரிக்கிறாள்.
ஹொக்கியாம். பனித்தரையில் ஒரு கறுப்பு வட்டு,
அதை வைத்திருப்பவனைத் தோளால் இடித்து விலக்குவதாம்.
பதின்மூன்றுக்கு முன் கூடாதாம்,
சில ஊரில் பதினைந்து வரை விடமாட்டார்களாம்.
"கையெழுத்து வைக்கவோ விடவோ?
நீ சொல்லு, உனக்குத்தானே ஐஸோட வேலை."

ஆவணியில் தகப்பனோடு வந்தான்.
மீன் தராசில் ஏற்றினேன்: முப்பத்தெட்டுக் கிலோ.
"உன்ர ரீமில பெரியவன்?"
"அறுபத்தொண்டு. மீசையும் இருக்கு."
இருவருக்கும் ஒரே வயதாம்.
சான்றிதழில்.

கட்டிகள் இழுபட்டு வழுக்கும் தரையில்
காலுறையோடு நின்று காட்டினான்.
"முதல்ல அடிக்கப் பழக்கேல்லை, மாமா.
வாங்கத்தான் பழக்கினவை.
முழங்காலை மடி. தலையை நிமிர்த்து.
சுவரோட ஒட்டி நில், இல்லாட்டி நல்லாத் தள்ளி நில்,
மூண்டடியில நிண்டா கழுத்து போயிடும்.
கையைத் தூக்கக் கூடாது."

கையைத் தூக்காமல் செக்கிங்கா?

"பிறகு, முதுகில இலக்கம் தெரிஞ்சா
தொடவே கூடாது. விட்டிடோணும்."

எங்களை
இலக்கத்தைக் காட்டினால்தான் விட்டார்கள்.

ஒன்பது வயதில், கடற்கரை வீதி முடக்கில்
எனக்குத் தொடங்கியது.
சீசன் இல்லை, நிறை பார்க்கவில்லை,
அம்மாவின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
இடியப்பத்தைக் கிளறிய விரல்
பிறகு என் விலாவில் இறங்கிற்று.
அய்யா தந்த ஒரே பயிற்சி:
தலையைக் குனி, கண்ணைப் பார்க்காதே.

"றெடியோ?" என்று ஜோவன் ஓடி வந்தான்.
தோள் தொடுவதற்குள்
என் இரண்டு கையும் தாமாக மேலே.
அவன் சறுக்கி நின்றுவிட்டான்.
"மாமா! உப்பிடித் தூக்கினா நான் எங்க இடிக்கிறது?"

சூசைதாசன் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
அவனுக்கும் என் வயது.
சிரிக்கவில்லை.

திரும்ப வா என்றேன்.
இரண்டாம் தரமும் கை எழும்பிற்று, பாதிவரை.
மூன்றாம் தரம் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
விலாவுக்குக் கீழே
முப்பத்தெட்டுக் கிலோவும் வந்து மோதியது.
ஈரத்தில் இருந்துவிட்டேன்.
அவனே குனிந்து கை கொடுத்தான்,
நொந்ததோ என்று கேட்டான்.
இடித்தவன் கேட்டு
நான் அறியாத கேள்வி.

மெற்றில்டா நேற்றும் எடுத்தாள்.
"வை," என்றேன், "ஆனா உடன ஆட்டத்தில வேண்டாம்.
ஒரு மாசம் சுவரோட. பிறகு தன்ர நிறைப் பிள்ளையோட.
மீசைக்காரனோட மார்கழிக்குப் பிறகு பாப்பம்.
ஒண்டு மட்டும் நீ நேர போய்ப் பார்:
பிழையா இடிச்சா விசிலடிக்க
அங்க ஒருத்தன் நிக்கிறானோ எண்டு."

லைனில் இரைச்சல்.
அவளும் அதே முடக்கால்தான் பள்ளிக்கூடம் போனவள்.

"கட்டி உருகுது, அண்ணை,"
வாசலில் கூப்பிடுகிறார்கள்,
"கெதியா வாங்கோ."