இடமிருந்து ஒன்பதாவது

புகைப்படத்தின் முதுகில் பென்சிலால் பதின்மூன்று பெயர்கள்.
முன்னால் பதினான்கு தலைகள்.

புவெனஸ் அயர்ஸ்,
பாராக்காஸ் ரயில் பாலத்தடியில் ஓர் இறைச்சிக் கடை.
ஐம்பத்தேழு, ஜனவரி.
‘கடற்குதிரை’ சித்திரக்கதை வாரஇதழ்
நூறைத் தொட்ட மதியம்.
புழுக்கத்தில் ஆண்கள் எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டியிருக்க
ஒன்பதாவது ஆள் மட்டும் கோட்டுப் போட்டிருக்கிறான்.
மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்பே
நின்றுபோன கோட்டு.
ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மற்றவர்கள் சிரிக்க
அவன் விழித்திருக்கிறான்,
யாரோ எழுந்து போகச் சொல்வார்கள் என்பதுபோல.

நூலகப் பட்டியலில் மூன்று வருடமாய்
‘அடையாளம் தெரியாதவர்’ என்றே தட்டச்சு செய்கிறேன்.
தெரியாதது எனக்கு.
பட்டம் அவனுக்கு.

மை தீட்டிய லிசாந்த்ரோவின் மகன் சொன்னான்:
‘உருகுவேக்காரர். குதிரை மட்டும் வரைவார்.’
இன்னொருவர் வரி அதிகாரி என்று
அம்மா மேல் ஆணையிட்டார்.
ஆசிரியர் தெர்சாகியின் விதவை
பூதக்கண்ணாடியை வாங்கி, அவனைத் தாண்டிப் போய்,
தன் கணவருக்குப் பக்கத்தில் இருக்கும்
படத்தின் ஒரே பெண்ணிடம் நின்றுவிட்டாள்.
அன்று காப்பி வரவில்லை.

அவன் இடது தோளில் ஒரு கறை.
நெகட்டிவில் பூஞ்சை என்றார்கள் ஆய்வகத்தில்.
அதையும் பட்டியலில் ஏற்றினேன்:
பழுது, ஒன்று.

பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்ந்தது
எதெல்மிரா பாஸியின் கணக்கு நோட்டு.
பலூன்களுக்குள் வசனம் எழுதிக் கொடுத்தவள், அந்த ஒரே பெண்.
கடைக் கணக்கையும் அதே பெரிய எழுத்தில்,
யாரோ கத்துவதுபோல எழுதியிருக்கிறாள்.
மாட்டு விலா, இவ்வளவு.
ஒயின், இவ்வளவு. உடைந்த கோப்பை, இரண்டு.
அதற்குக் கீழே:
பதினாலாவது நாற்காலிக்கு, ஐஸ்காரன், ஐந்து பேசோ.

ஒரு மேசையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தால்
வருடம் திரும்புமுன் ஒருவர் போவார்.
வாராவாரம் பேய் விற்றுச் சாப்பிட்ட தெர்சாகி
இதை மட்டும் நம்பினார்.
பின்வாசலில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தவனை
இழுத்து வந்து இடம் நிரப்பினார்கள்.
சட்டையின் ஈரம் இரவல் கோட்டையும் கடந்து
படத்துக்குள் கசிந்திருக்கிறது.
அவன் முன்னால் தட்டு, துடைத்தது துடைத்தபடி.
தோள் நனைந்தவன்
கை நனைக்கவில்லை.

நூற்று நான்காம் இதழ், ஏழாம் பக்கம், கடைசிக் கட்டம்.
திமிங்கிலக் கப்பல் முழுகுகிறது.
மாலுமிகளில் ஒருத்தனுக்கு
அதே விடைத்த காது, அதே பிளந்த புருவம்.
அவனுக்கும் ஒரு பலூன் கொடுத்திருக்கிறார்கள்.
உள்ளே எதெல்மிராவின் எழுத்து:
குளிருது.
எட்டாம் பக்கத்தில் அவன் இல்லை.

ஐஸ் ஆலைச் சங்கத்தின் சந்தாச் சிட்டையில்
பெயரும் கிடைத்தது. வால்தினோ ஒயார்சாபால்.
கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை.
மகள் லானூஸில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

அப்பா சித்திரக்கதை பற்றிப் பேசியதே இல்லை என்றாள்.
வாயில் குண்டூசியோடு
வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.
அழப்போகிறாள் என்று நான்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
தெருவில் ஒரு நாய் டயரை மோந்துகொண்டிருந்தது.

ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
‘நல்ல துணி. ஆனா பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கு பாருங்க.
இது பொம்பளைங்க கோட்டு.
யாரோடது?’

கணக்கு நோட்டில்
அதற்கு வரி இல்லை.