மூன்று பில்

சமாதானபுரத்தில் வேப்பமர நிழலில் வண்டி.
டேஷ்போர்டுப் பெட்டியைக் காலி செய்தேன்:
ஆர்.சி., இளகிப்போன மிட்டாய்,
போன கிறிஸ்மஸில் தொலைந்த
ஜெஸ்லினின் ஒற்றைக் கம்மல்.

இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கியதும்
தாடை கழன்றதுபோல் தொங்கியது பெட்டி.
பின்னால் சின்ன மூடி. இழுத்தேன்.
வரமாட்டேன் என்றது.
சவமே, வா என்றேன்.
வந்தது.

மடிப்புக்கு மடிப்பு
தாழையூத்து சிமென்ட், திசையன்விளைச் செம்மண்,
காய்ந்த வேப்பம்பூ, குளவியின் ஒரு சிறகு.
ஏசி போட்டதும் ஜெஸ்லின் தும்முவாள்;
ஐஸ்கிரீம்தான் காரணமென்று
எத்தனை முறை ஏசியிருக்கிறேன்.

ஓரத்தில் கம்பெனி அச்சடித்த தேதி.
வண்டி பிறந்த அதே மாதம்.

அப்போ தச்சநல்லூர் சர்வீஸில்
மூன்று தடவை மாற்றியதாய்த் தந்த பில்?
காபி வாங்கித் தந்து
‘புதுசு போட்டாச்சு’ என்ற சுயம்பு?

வாய்நிறையத் திட்ட மூச்சிழுத்தேன்.
புழுதி ஏறி
நானும் தும்மினேன், ஏழு தடவை.

புதியதன் அம்புக்குறி கீழே பார்க்கச் செருகினேன்.
ஐந்து நிமிஷ வேலை.

பழையதைத் தட்டவில்லை.
ஒரு பொட்டுத் தூசி சிந்தாமல்
பில்களோடு பக்கத்து சீட்டில் உட்காரவைத்து
ஏசியை இரண்டில் வைத்தேன்.

ஆற்றுப்பாலம் தாண்டி
ரெண்டுபேருமாய்ப் போகிறோம்
சுயம்புவைப் பார்க்க.