எழுநூற்று இருபது

எரிமலைத் தீவு அந்தமான் பக்கம் இருக்கிறது.
படகு அனுமதிக்கு எழுதிய கடிதம்
மூன்றாம் முறையும் திரும்பி வந்தது.
அதனால்
பெருங்குடியில், நாலாவது மாடிக்கு மேலே,
சின்டெக்ஸ் தொட்டியோரம் ட்ரைபாடை விரித்தேன்.
பையில் ஒரு செங்கல் போட்டு நடுவில் தொங்கவிட்டேன்.
கடற்காற்றுக்கு அந்த மரியாதை போதும்.

மேற்கே சதுப்பு.
கோரை, தண்ணீர், ஒற்றைக்கால் நாரைகள்,
நடுவே
இந்த ஊர் வருடக்கணக்காய்க் கக்கிய மலை.
உள்ளே எங்கோ எரிந்துகொண்டேயிருக்கும்.
உச்சியில் புகை.
கண்ணைச் சுருக்கினால் தீவுதான்.
மூக்குதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்து வினாடிக்கு ஒரு படம்.
ஒரு மணி நேரம். எழுநூற்று இருபது.
ஓட்டிப் பார்த்தால் முப்பது வினாடி.

இருநூற்று மூன்றில்
மெஹருன்னிசா அக்கா துணி எடுக்க வந்தார்.
கொடி ஆடியது, தரை ஆடியது,
மலையும் கொஞ்சம் ஆடியிருக்கிறது.
"எதப்பா புடிக்கிற, குப்பையையா?"
சூரியனை என்றேன்.
"அது தினம் வருதே."

விமானங்கள் ஒரு படத்தில் இருந்தன,
அடுத்ததில் இல்லை.
லாரிகள் துள்ளித் துள்ளி ஏறின.
ஓரம் நசுங்கிய சூரியன்
பல்லாவரம் குன்றுப் பக்கம் இறங்க
அப்படியொரு சிவப்பு.
புகை போட்ட சிவப்பு அது.
தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, மெத்தைப் பஞ்சு,
கல்யாண ஆல்பங்கள்.
நான் எடுத்ததும் ஒன்றிரண்டு
அதில் எரிந்திருக்கலாம்.

ராத்திரி கோகுலவாசன் பேசினான்.
தூக்கம் வராதவர்களுக்கு ஆப் நடத்துகிறவன்.
"செம ப்ரோ. எந்தத் தீவு?
நடுவுல ஒரு பளிச் வருது,
அதை மட்டும் தொடச்சிடுங்க.
தூங்கறவன் முழிச்சுக்குவான்."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
நானூற்று எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.
சரிவில் யாரோ
ஒரு நிலைக்கண்ணாடியைத்
தலையில் படுக்கவைத்து இறங்குகிறார்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
ஆள் மொத்தமே ஆறு பிக்சல்.
கண்ணாடி மட்டும் வெள்ளையாய் வெடித்திருக்கிறது.
அந்த நேரத்து ஆகாயம் முழுக்க
அவர் தலைமேல் இருந்திருக்க வேண்டும்.
அவருக்குத் தெரிந்திருக்காது,
கழுத்து வலித்திருக்கும்,
எடைக்கு எவ்வளவு தருவான் என்று
கணக்குப் போட்டிருப்பார்.

எண்பத்தேழாவதை இரண்டு தடவை நகலெடுத்து
மேலே ஒட்டினால் முடிந்தது.
கைப்பழக்கம். அரை நிமிட வேலை.

முதல் கேள்விக்கு மட்டும் பதில் தட்டினேன்:
பெருங்குடி.

கீழே அக்கா வீட்டில்
ஒவ்வொரு ஜன்னலாய்ச் சாத்தும் சத்தம்.
காற்று திரும்பிவிட்டது.