ஐந்தில் ஒரு பங்கு

கோலாக்கில் விடியமுன் ஐந்து மணிக்குச்
சங்கிலி ஓடத் தொடங்கும்.
முன்னங்கால் தோலை உரித்துவிடுவது என் வேலை.
ஓர் ஆட்டுக்கு எட்டு விநாடி.
மத்தியானத்துக்குள் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும்.

இரத்தம் கழுவுமென்றால்
விக்டோரியா மாநிலத்தில்
என்னைப்போலச் சுத்தமானவன் இருக்க முடியாது.

செபமாலையின் முதுகில் ஒரு தழும்பு உண்டு.
வயரால் அடித்தது.
படகில் பதினாறு நாள்
அந்த முதுகுக்குப் பின்னால்தான் படுத்துக் கிடந்தேன்.
எந்த முகாம், எத்தனை பேர்,
கதவுக்கு என்ன நிறம்,
எல்லாம் சொன்னான்.
நித்திரை வராதவனிடம் வேறென்ன இருந்தது?

விசாரணைக்கு என்னை முதலில் கூப்பிட்டார்கள்.
எனக்கும் ஒரு கதை இருந்தது, மெலிந்த கதை:
கடன், பயம், ஒருநாள் வாசலில் நின்றுவிட்டுப் போன ஜீப்.
நான் அவனுடைய நீலக் கதவைத் திறந்தேன்.
முதுகைக் காட்டச் சொல்லவில்லை.
அழுதேன், நம்பினார்கள்.
அழுகை மட்டும் என்னுடையது.

மூன்று கிழமை கழித்து அவன் உள்ளே போனான்.
இதை முன்பே கேட்டிருக்கிறோம் என்றார்களாம்.

இப்போது மன்னாரில், ஐஸ் கொம்பனியில்
மீன் பெட்டி தூக்குகிறான்.
ஆறு வருடமாக மாதம் முந்நூறு டொலர் அனுப்புகிறேன்.
கோயிலுக்கு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன்.
பாதர் டெஸ்மண்ட் என் பெயரைப் பிழையாக உச்சரித்து
நன்றி சொன்னார்.

ஓகஸ்ட் ஞாயிறு. அதே ஹீட்டருக்குப் பக்கத்தில்
முதல் வாசகம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கொழுத்த கிடாய்களின் புகை
கடவுளுக்கே அலுத்துப்போயிற்றாம்.
பிரசங்கத்தில் ஓர் அரசன் வந்தான்.
மந்தை மந்தையாய் வைத்திருந்தவன்
ஏழையின் மடியில் வளர்ந்த ஒற்றைக் குட்டியை
அறுத்த கதை கேட்டு
அவனுக்கும் கோபம்தான் வந்தது,
விரல் தன் பக்கம் திரும்பும்வரை.

செபமாலைக்கும் ஒரேயொரு குட்டி.
முதுகில் வளர்த்தான்.

அறைக்கு வந்து பக்கம் பக்கமாய்த் தேடினேன்.
திருடியவன்
பலிபீடத்துக்கு வருமுன்
திருடியதை உடையவனிடம் கொடுக்கவேண்டும்,
கூடவே ஐந்தில் ஒரு பங்கும் வைத்து.
ஆடு அதற்குப் பிறகுதான்.
முந்நூறு டொலருக்கு ஐந்திலொன்று அறுபது.
அது சுகமான கணக்கு.
ஒரு கதைக்கு ஐந்திலொன்று எவ்வளவு?

அன்றிரவு அவனுக்கு எடுத்தேன்.
"காசு கிடைச்சதோ?" வழக்கமான கேள்வி.
"கிடைச்சது. எல்லாம் பாங்கிலேயே கிடக்குது.
ஒரு சதம் தொடேல்லை."
பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.
வேறு ஏதோ சொல்லத்தான் எடுத்தேன்.
மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தேன்.

சாப்பாட்டு அறை மேசையில்,
சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில்
ஒரு வரி எழுதினேன், குடிவரவுக்காரருக்கு:
என் முதுகில் எந்தத் தழும்பும் இல்லை.

வெளியே லொறி பின்வாங்கி நிற்கிறது.
குளம்புகள் பலகையில் இறங்கும் ஓசை.
பலிக்கு அவை எப்போதும் தயார்.

உறை வாங்கியாயிற்று.
முத்திரை இன்னும் வாங்கவில்லை.