நூற்றில் ஒன்று

ஓர் உள்ளங்கை
உடம்பின் நூற்றில் ஒன்று.
நோயாளியின் கைதான் கணக்கு, என்னுடையதல்ல.
இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்
செதில்களை அளந்து எழுதுகிறேன்.
முழங்கை இரண்டு, முதுகு ஒன்பது,
தலைமயிருக்குள் குத்துமதிப்பு.

ஆய்வில் சேர்ந்தவர் நாற்பத்தொரு பேர்.
முடிவில் முப்பத்திரண்டு.
மிகுதி ஒன்பது பேர் எங்கே என்று கேட்டு
கட்டுரை திரும்பி வந்தது.
ஊசிகள் குளிர்பெட்டியில் இருந்தன.
போன் நம்பர்கள் யார் யாரோ எடுத்தார்கள்.

நேற்று மருதானையில் மழை, கார் கராஜில்.
மட்டக்குளி பஸ்ஸில் கொண்டக்டர்
செபமாலை, பதினேழாம் இலக்கம்.
நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்குகளில் செருகி
விரல்களை மறைத்திருந்தார்.
முன்சீட்டுக்காரி மிச்சத்தைச்
சீட்டில் வைக்கச் சொன்னாள்.
வைத்தார்.

"வியாழக்கிழமை கிளினிக் வந்தா
நாட்சம்பளம் இல்ல, டொக்டர்."
அவ்வளவுதான். ஒன்பதில் ஒருவருக்குக்
காரணம் கிடைத்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நான் கையை நீட்டினேன்.
நனைந்த சில்லறை, அதன்மேல் ஒரு கணம்
அவர் உள்ளங்கை, சொரசொரப்பாய், சூடாய்.
எத்தனை தரம் அளந்த கை.
கையுறை இல்லாமல் இதுதான் முதல்.

கொட்டாஞ்சேனையில் இறங்கி எண்ணினேன்.
ஐந்து ரூபாய் குறைந்தது.