கொக்கி

வைத்தியநாதன் பாலம் இறங்கினால்
டயர்க் கடைக்கு மேல் மாடி.
பதினொன்று முதல் நாலு வரை லேடீஸ் பேட்ச்.
அந்த ஐந்து மணி நேரம்
கண்ணாடியில் நாங்கள் மட்டும்.

உடை மாற்ற ஒரே அறை.
ப்ளைவுட் கதவு, ஆறு ஆணி, ஒரு குண்டு பல்பு.
சாவி என் இடுப்பில்.
எட்டாயிரம் சம்பளத்துக்குக் கூட்டுவேன், துடைப்பேன்,
பணம் வாங்கி நோட்டில் எழுதுவேன்,
கதவுக்கு முதுகு காட்டி நிற்பேன்.

சின்ன அறைதான். ஆனால்
புர்காவைக் கழற்றி மாட்டியதும் மெஹருன்
கழுத்தை இரண்டு பக்கமும் சொடக்கெடுப்பாள்.
மீன் ஏலம் முடிந்து நேரே வரும் ஸ்டெல்லா மேரி
ஆபரேஷன் தழும்பைச் சொறிந்துகொண்டே
புருஷனைத் திட்டுவாள்.
வீட்டில் பத்துக்குப் பத்தில் ஆறு பேர்.
தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள
வேறு எங்கே போவாள்?

ஆகஸ்டில் அம்ருதா சேர்ந்தாள்.
நோட்டில் ஆண், பெண், இரண்டே கட்டம்.
பேரை எழுதினேன்.
கட்டத்தை விட்டுவிட்டேன்.
ஆயிரத்து இருநூறை எண்ணி வாங்கினேன்.

பேச்சு கிளம்பியது.
"அது வந்தா நான் வரல" என்றாள் கஸ்தூரி.
"அது இல்ல, அவ" என்றாள் ஸ்டெல்லா மேரி.
மெஹருன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள்:
"அவங்க மேல கோவம் இல்லக்கா. கூச்சம்.
கூச்சத்த எங்க கொண்டு போய் வைக்கறது, சொல்லு."
என்னிடம் பதில் இல்லை.
டெல்லிபாபு மாஸ்டர் பழைய பாக்ஸர்,
மூக்கு இரண்டு முறை உடைந்தவர்.
இந்த ரவுண்டில் மட்டும்
மணி அடிக்கட்டும் என்று மூலையிலேயே நின்றார்.
'பெண்கள் மட்டும்' என்று ஒரு நோட்டீஸ் அடித்து வந்தார்.
அதில் யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்று
அவருக்கே தெரியவில்லை.
ஒட்டாமல் டிராயரில் போட்டுவிட்டார்.

இத்தனைக்கும்
அம்ருதா அந்த அறைக்குள் போனதே இல்லை.
வீட்டிலிருந்தே டிராக் பேண்ட், மேலே துப்பட்டா.
ஊறிய பனியனோடு ஸ்கூட்டியை எடுத்து
கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயிலுக்காகக் காத்து நிற்பாள்.
இரண்டு மாதச் சண்டை,
அவள் கை படாத கதவுக்கு.
முன்னே ஒரு ஜிம்மில்
ஆண்கள் பேட்ச்சில் போட்டார்களாம்.
அவ்வளவுதான் சொன்னாள்.
குனிந்து டம்பிளை எடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடாத மழை.
தொப்பலாக வந்து நின்றாள்,
கையில் மாற்றுத் துணி சுற்றிய கவர்.
"உள்ள யாராச்சும் கீறாங்களாக்கா?"
"மெஹருன்."
"சரி, நிக்கறேன்."
பல் தந்தியடித்தது.
நான் போய்த் தட்டினேன்.
எனக்கு யார் சொன்னார்கள், தட்டச் சொல்லி?
"யாரு?"
"அம்ருதா. நனைஞ்சிட்டா."
உள்ளே சத்தமில்லை.
கீழே லாரி டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது,
ஏறிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது.
புர்காவை முழுதாகப் போட்டுக்கொண்டு மெஹருன்.
முகத்தைப் பார்க்கவில்லை,
தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:
"கொக்கி சரியா விழாது.
கதவத் தூக்கிப் போடணும்."

இரண்டாம் முறையில் விழுந்தது.
நான் முதுகு காட்டி நின்றேன்,
எல்லோருக்கும் நிற்பதுபோல.

மெஹருன் அன்று எடை தொடாமல் போனாள்.
மறுநாள் வரவில்லை.
வியாழக்கிழமை வந்தாள், அரை மணி முன்னாடியே.

ஆசாரி வந்து அளந்தார்.
குறுக்கே ஒரு தடுப்பு, இன்னொரு கதவு,
நாலாயிரத்து இருநூறு ஆகும்.
"தீபாவளி கழியட்டும்" என்றார் மாஸ்டர்.
கழியட்டும்.
கொக்கி இரண்டு என்று
தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.