டோக்கன் அறை

மண்டபம் வடக்குத் துறை. பின்னிரவு மூன்று மணி.
டோக்கன் கொடுக்கும் அறையில்
ஐஸ்பெட்டி உயரத்துக்கு ஒரு சர்வர்.
அதன் சூட்டில் யாரோ காயவைத்த
ஒற்றைக் கையுறை.

நேற்று நாற்பத்தோராவது படகோடு நின்றுவிட்டது.
நினைவகம் நிரம்பினால் அப்படித்தான்:
பெருத்தவன் எவன் என்று பார்க்கும்,
கேட்காமல் கொல்லும்.
பெருத்திருந்தது டோக்கன் நிரல்.
லாக் கோப்பில் ஒரே வரி. இரங்கல் இல்லை.

"புதுசுக்கு ஒப்புதல் வரலம்மா" என்றார் களஞ்சியம்.
சரி, இருப்பதை வைத்து.
வட்டில் நான்கு ஜிபி ஒதுக்கிச்
சுழியமாக எழுதினேன், கடைசி வரை.
காலியாக இருப்பதற்கும்
நிரப்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.
அறுநூறு என்று பூட்டி, ஸ்வாப் என்று எழுப்பி,
மறுபடி எழும்போது மறக்காதிருக்க
எஃப்ஸ்டாபில் ஒரு வரி.

"அப்ப மெமரி கூடிருச்சா?"
இல்லண்ணே.
ஏலத் தரையில் மீன் மிஞ்சினால்
விலைபோகாத காரலைக் கூடையோடு
ஓரம் தள்ளுவீங்களே, அந்த ஓரம்.
கேட்டால் எடுத்துத் தரும். நேரமாகும். நாறாது.
"நாறாத காரலா!"

அடுத்தது முகவரி.
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
ரவுட்டர் இதற்குப் புது எண் சூட்டும்.
ஜன்னலோரக் கணினியோ
பழைய எண்ணின் கதவைத்
தட்டிக்கொண்டே கிடக்கும்.
இனி ஒரே எண், முடிவில் ஐம்பது.
யாமல் கோப்பில் இரண்டிரண்டு இடைவெளி;
ஒன்று பிசகினாலும் முகம் திருப்பும்.
சோதித்துப் பார் என்றேன்.
நூற்றிருபது விநாடி தந்தது.
அதற்குள் நான் சரி சொல்லாவிட்டால்
பழையபடி ஆகிவிடும்.

நூற்றுப் பதினெட்டு, பதினேழு.
எனக்கு இது ஏழாவது வாடகை வீடு.
ஆதாரில் தொண்டி,
கேஸ் புத்தகத்தில் கீழக்கரை,
கூரியர்க்காரனுக்கு
'தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, போன் பண்ணுங்க'.
தொண்ணூற்றிரண்டு.
கம்பிக்கு வெளியே டார்ச் வெளிச்சம்,
டீசல் வாடை, இருமல்கள்.
"இன்னைக்காச்சும் கடலுக்குப் போறமா?"
லிட்வின் குரல்.
எழுபது. அறுபத்தொன்பது.
ஐம்பதைக் கூப்பிட்டேன்.
ஐம்பது பதில் சொன்னது.

எண்டர்.

பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு
ஒன்றாம் எண்ணைத் துப்பியது.
பிளாஸ்திரி கிழித்து சர்வர் நெற்றியில் ஒட்டி
முகவரியை எழுதினேன்.
உப்புக் காற்றில் பசை
எத்தனை மாதம் நிற்குமோ.

டோக்கனை வாங்கிய பிறகும் லிட்வின் நகரவில்லை.
கம்பிக்குள் கையை விட்டு நீட்டினான்:
"அக்கா, அந்தக் கையுறை என்னோடது."